சூரிச்சிலிருந்து ஏழேகால் விமானம்

சூரிச்சிலிருந்து லண்டனுக்கு எவ்வளவு நேரம் என்று யாராவது கேட்டால் உடனே பதில் சொல்லிவிடாதீர்கள். உங்களுக்குப் பதில் தெரியும் என்பது எனக்குத் தெரியும். திரையில் நாலு எழுத்தைத் தட்டினால் வந்துவிடும். ஏறக்குறைய ஐந்நூறு மைல், ஆகாயத்தில் ஒன்றரை மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் கூட. நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் டக்கென்று சொல்லிக்கொண்டிருந்தேன், அதுவும் புத்தகத்தைத் திறக்காமலே. அந்தத் திமிரால் ஒரு கல்யாணத்தைக் கவிழ்க்கப் பார்த்தேன். கல்யாணம் என்ன ஆனது என்பதைப் பொறுமையாகச் சொல்கிறேன்.

எங்கள் பயண முகவர் நிலையம் தெற்கு லண்டனில் நோர்பரியில், ஒரு மரக்கறிக் கடைக்கும் சலவைக் கடைக்கும் நடுவில் இருந்தது. இரண்டு மேசை, மூன்று தொலைபேசி, சுவரில் ஓர் உலகப்படம். எண்பதுகளின் கடைசியில் அங்கே வேலைக்குச் சேர்ந்து, தலை நரைத்தபின் அதே மேசையிலிருந்து இளைப்பாறினேன். முதலாளியை ஊரே அண்ணை என்று கூப்பிட்டது, நானும் அப்படியே கூப்பிட்டேன்.

அந்தக் காலத்து ரிக்கற்றை நீங்கள் கண்டிருக்க மாட்டீர்கள். சிவப்புக் காபன் பூசிய சின்னப் புத்தகம், கையால் எழுதுவோம். எங்கிருந்து எங்கே, எந்த விமானம், எந்தத் திகதி, எத்தனை மணிக்குப் புறப்படும் என்பதோடு சரி. எத்தனை மணிக்குப் போய் இறங்கும் என்று எழுத அதில் கட்டமே கிடையாது. அதை வாயால் சொல்லவேண்டும், அல்லது உறையின் பின்பக்கம் பென்சிலால் எழுதிக் கொடுக்கவேண்டும். எழுதமுன் மாதாமாதம் வரும் நேர அட்டவணைப் புத்தகத்தைப் பார்க்கவேண்டும். அது தலையணைத் தடிப்பில் இருக்கும், எழுத்தைப் படிக்கக் கண் பூத்துப்போகும்.

நான் அதைத் திறக்கமாட்டேன். ஐரோப்பாவில் எங்கள் ஆட்கள் போய்வரும் ஏழெட்டு நகரங்களின் நேரங்கள் எனக்கு மனப்பாடம். வாடிக்கையாளர்கள் வாயைப் பிளந்து கேட்பார்கள். அதைப் பார்க்க எனக்கு நன்றாகவே இருந்தது, மறைப்பானேன். ஒரு பெரியவர், பாரிசிலிருந்து பத்து மணிக்கு ஏறினால் லண்டனில் பத்தே ஐந்துக்கு இறங்கலாம் என்று நான் சொன்னதைக் கேட்டு, அஞ்சு நிமிசத்திலை வாறதெண்டால் அது பிளேனோ ரொக்கெற்றோ என்று சண்டைக்கு வந்தார். பாரிஸ் மணிக்கூடு எங்களுடையதை விட ஒரு மணித்தியாலம் முந்தி ஓடுகிறது, இங்கே வரும்போது அந்த மணித்தியாலம் திரும்பக் கிடைக்கும் என்று விளங்கப்படுத்தினேன். ஏதோ நானே என் கைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்ததுபோல அவர் எனக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

மாஸ்டர் எங்களிடம் வந்தது தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ஓர் ஆவணி மாதம். யாழ்ப்பாணத்தில் முப்பது வருடம் கணிதம் படிப்பித்தவர். மனைவியோடும் மகள் வசந்தியோடும் நோர்பரியில், எங்கள் நிலையத்திலிருந்து பத்து நிமிட நடைத்தூரத்தில் இருந்தார். யார் எதைச் சொன்னாலும் தானே ஒருமுறை கணக்குப் பார்க்காமல் நம்பமாட்டார். மரக்கறிக் கடைக்காரர் அவரைத் தூரத்தில் கண்டாலே தராசைத் துடைத்து வைப்பார்.

வசந்திக்கு முப்பத்துநாலு வயது, கவுன்சிலில் வேலை. முன்பு பேசிய இரண்டு சம்பந்தங்களில் ஒன்று சண்டையாலும் மற்றது விசாவாலும் குழம்பிப்போனது. இப்போது சரிவந்திருந்த மாப்பிள்ளை ரவி, சூரிச்சில் ஒரு ஹோட்டலில் சமையல்காரர். எழுத்து, அதாவது பதிவுத் திருமணம், சித்திரையிலேயே முடிந்து, வசந்திக்கு அங்கே போக விசாவும் கிடைத்திருந்தது. மிச்சம் இருந்தது தாலிகட்டுத்தான். புரட்டாதியில் எங்கள் ஆட்கள் கல்யாணம் செய்யமாட்டார்கள் என்பதால், ஐப்பசி பிறந்ததும் வரும் முதல் ஞாயிற்றுக்கிழமைக்கு நோர்பரியில் மண்டபம் எடுத்தார்கள். முகூர்த்தம் காலை பத்து நாற்பதிலிருந்து பதினொன்று நாற்பத்தைந்து வரை. இந்த முறை எல்லாம் நேரம் தவறாமல் நடக்கவேண்டும் என்று வசந்தியின் தாய் ஒற்றைக்காலில் நின்றார். முகூர்த்தம் பிந்தினால் பிறகு அந்தப் பிள்ளைக்குத் தலையிடி வந்தாலும் சனம் அதைத்தான் சொல்லும் என்பது அவருடைய பயம். பயம் வீண் என்று நான் சொல்லமாட்டேன், எங்கள் சனத்தை எனக்குத் தெரியும்.

சிக்கல் என்னவென்றால், சனிக்கிழமை அந்த ஹோட்டலில் பெரிய விருந்து. மாப்பிள்ளைக்கு லீவு ஞாயிறும் திங்களும் மட்டுந்தான் கிடைத்தது. அவருடைய தாய் தகப்பனும் தமக்கையும் தாலி, கூறைச்சேலையோடு வியாழனே வந்து தோர்ண்டன் ஹீத்தில் ஓர் உறவினர் வீட்டில் தங்குவது என்றும், மாப்பிள்ளை மட்டும் ஞாயிறு முதல் விமானத்தில் வந்து இறங்குவது என்றும் ஏற்பாடு. அவருடைய ரிக்கற்றையும் மாஸ்டரே இங்கே எடுத்து அனுப்பினார்.

“சூரிச்சிலை ஏழேகாலுக்கு வெளிக்கிடும் மாஸ்டர். ஏழு ஐம்பத்தைஞ்சுக்கு ஹீத்ரோவிலை நிக்கும்” என்று நான் புத்தகத்தைத் தொடாமல் சொன்னேன்.

மாஸ்டர் வழக்கம்போல நம்பவில்லை. சட்டைப்பையிலிருந்து பென்சிலை எடுத்தார். சுவரிலிருந்த படத்தில் விரலால் அளந்து ஐந்நூறு மைல் என்றார். விமானத்தின் வேகம், ஏறி இறங்கும் நேரம் எல்லாம் போட்டு ஒன்று நாற்பது என்றார். அதில் மணிக்கூட்டு வித்தியாசம் ஒரு மணித்தியாலத்தைக் கழித்தார். ஏழு ஐம்பத்தைந்து. உறையில் நான் எழுதிய நேரத்துக்குப் பக்கத்தில், கொப்பி திருத்துவதுபோல ஒரு சரி போட்டார். கணித வாத்தியாரிடம் சரி வாங்கிய பெருமையில் அன்று வீட்டுக்குப் போனதும் முதலில் அதைத்தான் என் கணவரிடம் சொன்னேன்.

இப்போது கல்யாணத்துக்கு முதல்நாள் சனிக்கிழமை, காலை பதினொன்றரை. ஒருவர் கடைக்குள் வந்தார். முந்தின வாரம் பாரிசிலிருந்து வந்த தன் மச்சானைக் கூட்டிவரப் போனவர். நான் சொன்ன நேரத்துக்குப் போய் ஒரு மணித்தியாலம் தேவாங்குபோல நின்றேன், உங்கள் பேச்சை இனி நம்பமாட்டேன் என்று சிரித்துக்கொண்டே குறைப்பட்டார். விமானம் பிந்தியிருக்கும் என்றேன். இல்லை, பலகையில் சரியான நேரம் என்றுதான் போட்டிருந்தது என்றார். எனக்கு ரோசம் வந்தது. என் பக்கம் சரி என்று காட்டுவதற்காகப் பல மாதங்களுக்குப் பிறகு அந்தத் தலையணையைத் தூக்கி மேசையில் போட்டேன்.

பாரிஸ்-லண்டன் பக்கத்தில் ஒரே விமானத்துக்கு இரண்டு வரிகள் இருந்தன. புறப்படும் நேரம் இரண்டிலும் ஒன்றே, இறங்கும் நேரம் வேறு வேறு. பக்கத்தில் திகதிகள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. குளிர்காலத்துக்காக ஐரோப்பா மணிக்கூட்டைப் பின்னுக்குத் தள்ளுவது செப்ரெம்பர் கடைசி ஞாயிற்றில். பிரித்தானியா அதைச் செய்வது ஒக்டோபரின் நாலாம் வாரத்தில். நடுவில் ஏறக்குறைய ஒரு மாதம் பாரிசுக்கும் சூரிச்சுக்கும் லண்டனுக்கும் ஒரே மணி. அந்த ஒரு மாதத்தில் இங்கே வருகிறவருக்குத் திரும்பக் கிடைக்க மணித்தியாலம் எதுவும் இல்லை. உங்களுக்கு இந்தத் தொல்லை கிடையாது, தொண்ணூறுகளின் நடுவிலிருந்து எல்லாரும் ஒரே நாளில் மாற்றுகிறார்கள். உங்களுக்கு வேறு ஏதாவது வந்து வாய்க்கும், கவலைப்படாதீர்கள்.

முந்தைய வருடங்களில் இந்த மாதத்தில் ஐரோப்பியப் பயணிகள் எனக்கு அதிகம் அகப்பட்டிருக்கவில்லை. புரட்டாதியில்தான் எங்கள் ஆட்கள் அசையமாட்டார்களே. ஐப்பசி பிறந்ததும் கல்யாணங்கள் முண்டியடித்துக்கொண்டு வருவதோ சரியாக அந்தக் கடைசி வாரத்தில். நான் சூரிச் பக்கத்தைத் திருப்பினேன். ஏழேகாலுக்குப் புறப்படும், எட்டு ஐம்பத்தைந்துக்கு இறங்கும் என்று பச்சையாகப் போட்டிருந்தது. அதற்கு முந்திய விமானம் கிடையாது.

மாப்பிள்ளையின் நாள் இப்படி வகுக்கப்பட்டிருந்தது. எட்டு மணிக்கு இறங்கி, அகதிப் பயணப் பத்திரத்தோடு வரிசையில் நின்று ஒன்பதுக்கு வெளியே வருவது. அங்கிருந்து தோர்ண்டன் ஹீத், அங்கே பாலும் அறுகம்புல்லும் தலையில் வைக்கும் பாலறுகுச் சடங்கு முடித்து, முழுகி உடுத்தி, பத்தரைக்கு நோர்பரி மண்டபம். எல்லாவற்றோடும் ஒரு மணித்தியாலத்தைக் கூட்டிப் பார்த்தேன். மாப்பிள்ளை மண்டப வாசலில் கால் வைக்கும்போதே பதினொன்றரை. பூசைகள் முடிந்து தாலி கட்டும் நேரத்துக்கு முகூர்த்தம் போய்விட்டிருக்கும்.

அண்ணைக்குச் சொன்னேன். அவர் நல்ல மனுசர், என்மேல் சத்தம் போடவில்லை. ஒரு மிடறு தேத்தண்ணீர் குடித்துவிட்டு எனக்கு ஒரு வழி சொன்னார்.

“நாளைக்கு பிளேன் பிந்திப்போச்செண்டு சொன்னால் முடிஞ்சுது. ரிக்கற்றிலை இறங்கிற நேரம் இருக்கோ? இல்லைத்தானே. ஆர் புத்தகத்தைத் திறந்து பாக்கப்போயினம்?”

உண்மைதான். யாரும் பார்க்கமாட்டார்கள். உறையில் இருந்தது என் பென்சில் எழுத்து, அதற்குப் பக்கத்தில் மாஸ்டருடைய சரி. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் எனக்கு ஒன்றும் ஆகாது. பழி முழுவதும் விமானத்தின்மேல் போய்விடும். உண்மையைச் சொல்லவா, அரை நிமிடம் அந்த வழி எனக்குப் பிடித்திருந்தது. பிறகு வசந்தி மணவறைக்குப் பக்கத்து அறையில் கூறை கட்டாமல் காத்திருப்பதை நினைத்தேன். நான் அப்போது யோசித்ததை நீங்கள் கவனமாகக் கேட்கவேண்டும். நாளைக்குப் பொய் சொன்னால் நான் தப்புவேன். ஆனால் இன்றைக்குச் சொன்னால் எங்கள் கையில் இன்னும் இருபது மணித்தியாலம் இருக்கிறது. பிழையை உடனே ஒப்புக்கொள்ளச் சொல்வது நல்ல பிள்ளை என்று பெயர் எடுக்க அல்ல. திருத்துவதற்கு வேண்டிய நேரம் பிழையைப் பற்றித் தெரிந்தவரிடம் மட்டுந்தான் இருக்கிறது, அவர் வாய் திறக்காவிட்டால் அது வீணாகப் போகும்.

தொலைபேசியில் சொல்லத் துணிவில்லை. புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தே போனேன். மாஸ்டர் வீட்டில் கால் வைக்க இடமில்லை. படிக்கட்டில் பலகாரப் பெட்டிகள், குசினியில் ஐந்தாறு பெண்கள், எல்லாருடைய முகத்திலும் கல்யாணக்களை. என்னைக் கண்டதும் ஒருவர் பயற்றம் பணியாரம் ஒன்றைக் கையில் திணித்தார். அதையும் பிடித்துக்கொண்டுதான் மாஸ்டரை முன் அறைக்குக் கூப்பிட்டேன்.

“மாஸ்டர், நான் பிழை விட்டிட்டன். மாப்பிள்ளை வாற பிளேன் எட்டுக்கில்லை, ஒன்பதுக்குத்தான் இறங்கும்.”

புத்தகத்தை விரித்து அந்த வரியைக் காட்டினேன். அவர் மூக்குக்கண்ணாடியை உயர்த்திக்கொண்டு வாசித்தார். திகதியையும் வாசித்தார். பிறகு திரும்பவும் வாசித்தார். திட்டப்போகிறார் என்று நான் பணியாரத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“நானும் கூட்டிக் கழிச்சுப் பாத்துச் சரி போட்டனான்தானே பிள்ளை. நீர் எதிலை பிழை விட்டீரோ அதிலைதான் நானும் விட்டிருக்கிறன். இரண்டு விடையும் ஒத்துவந்தால் சரியெண்டு நினைச்சது என்ரை மடத்தனம்.”

இதைச் சொல்லிவிட்டு அவர் கதவைச் சாத்தினார், மனைவியின் காதில் விழாமல் இருக்க. ஒரு மிச்சக் கல்யாணக் கார்டைத் திருப்பிப்போட்டு நாளைய நாளை எழுதத் தொடங்கினார். விமானத்தை முந்தவைக்க ஏலாது. குடிவரவு வரிசையில் கைவைக்க ஏலாது. முகூர்த்தத்தை நகர்த்தமுடியுமா என்று ஐயருக்குத் தொலைபேசி எடுத்தார். அந்த நாளில் வேறு நல்ல நேரம் இல்லை என்றார் ஐயர். ஆனால் அவரும் கெட்டிக்காரர். மாப்பிள்ளை இல்லாமல் செய்யக்கூடிய பூசைகளையெல்லாம் முன்கூட்டியே முடித்துவைக்கிறேன், ஆளைப் பதினொன்று பத்துக்குள் என் கையில் தந்தால் தாலியை முகூர்த்தத்துக்குள் ஏற்றிவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்தார்.

ஆக, இருபது நிமிடத்தைத் தேடிப்பிடிக்கவேண்டும். மாஸ்டரின் பென்சில் ஹீத்ரோவுக்கும் நோர்பரிக்கும் நடுவில் வந்து நின்றது. தோர்ண்டன் ஹீத்துக்குப் போவது நோர்பரியைத் தாண்டிப் போய்த் திரும்புவது. அங்கே கார் நிறுத்தி, மாடி ஏறி, சொந்தக்காரர் எல்லாரும் கூடிநின்று வரவேற்று முடிய எவ்வளவு நேரம் போகும் என்று எங்கள் இருவருக்குமே தெரியும். பாலறுகை விமான நிலையத்துக்குப் பக்கத்தில் எங்காவது முடித்தால் நேரே மண்டபத்துக்கு வரலாம். ஆனால் அங்கே யார் வீடு இருக்கிறது என்று மாஸ்டர் நிமிர்ந்தார்.

“எங்கடை வீடு ஹவுன்ஸ்லோவிலை, மாஸ்டர். ஹீத்ரோவிலையிருந்து பத்து நிமிசம்.”

என் கணவர் விமான நிலையத்தில் சரக்குப் பகுதியில் வேலை செய்ததால் அங்கே குடியிருந்தோம். இரண்டாம் மாடியில் ஓர் அறை, ஒரு கூடம், குசினி. விமானங்கள் எங்கள் கூரையை உரசுவதுபோலத்தான் இறங்கும், யன்னல் கண்ணாடி அதிரும். அதை மாப்பிள்ளை வீடாக நான் கற்பனை செய்ததில்லை. மாஸ்டர் கார்டில் ஹவுன்ஸ்லோ என்று எழுதிக் கூட்டினார். பதினொன்று ஐந்து வந்தது. இம்முறை அவர் சரி போடவில்லை. என்னையும் தனியாகக் கூட்டச் சொன்னார், நான் புத்தகத்தைப் பார்த்துத் தொடங்கவேண்டும் என்றும் சொன்னார். எனக்குப் பதினொன்று ஏழு வந்தது.

மாப்பிள்ளை பகுதிக்குச் சொல்லும் வேலை என்னுடையது. மாஸ்டர் சொன்னால் சம்பந்தி மனத்தாங்கல் வரும், நான் சொன்னால் என்னோடு போகும். தொலைபேசியில் மாப்பிள்ளையின் தமக்கை வந்தார். முழுவதையும் கேட்டார். கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“வீட்டிலை மச்சம் சமைக்கிறனீங்களோ?”

அந்த நேரம் என் வீட்டில் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியும். சனிக்கிழமை என் கணவருக்கு ஓய்வு. வாரம் முழுவதும் சொல்லிக்கொண்டிருந்த விளைமீனைக் காலையிலேயே வாங்கிவந்திருப்பார், இந்நேரம் குழம்பு கொதிக்கும்.

“ஓம் அக்கா, இப்பவும் அடுப்பிலை கிடக்கு. ஆனால் இண்டைக்கே எல்லாத்தையும் எடுத்து, வீட்டைக் கழுவி, மஞ்சள் தண்ணி தெளிச்சு வைக்கிறன்.”

தமக்கை சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பில்தான் எனக்கு மூச்சு வந்தது. வீட்டுக்குத் தொலைபேசி எடுத்து, அடுப்பை நிறுத்துங்கோ, நாளைக்கு எங்கடை வீட்டிலை ஒரு மாப்பிள்ளை முழுகப்போறார் என்றேன். என் கணவர் எந்த மாப்பிள்ளை என்று கேட்கவில்லை. குழம்பை என்ன செய்வது என்று கேட்டார். அது கீழ்வீட்டு ஐரிஷ் கிழவிக்குப் போனது. அவர் அதற்குப் பிறகு பல வருடங்கள் எங்களைக் காணும்போதெல்லாம் அடுத்த கல்யாணம் எப்போது என்று விசாரிப்பார்.

ஞாயிறு காலை எட்டரைக்கே மாப்பிள்ளையின் தாய் தகப்பனும் தமக்கையும் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். ஒரு கிண்ணத்தில் பால், ஒரு பிளாஸ்ரிக் பையில் அறுகம்புல். என் கணவர் விமான நிலையத்தில் நின்றார். எட்டு ஐம்பதுக்கு யன்னல் அதிர்ந்தது. அதுதான் என்று நான் சொல்ல, எல்லாரும் கூரையைப் பார்த்தோம். அடுத்த இரண்டு நிமிடத்தில் இன்னொன்று அதிர்ந்தது. எது எங்களுடையது என்று யாருக்குத் தெரியும்? ஒன்பதரை ஆனது. ஒன்பது நாற்பது ஆனது. வரிசையில் மாப்பிள்ளைக்கு முன்னால் எத்தனை பேர் நிற்கிறார்களோ என்று நினைக்க நினைக்க எனக்கு அழுகை வந்தது. தமக்கை என் கையில் அறுகம்புல்லைத் தந்து கிள்ளச் சொன்னார், சும்மா நிற்காமல் இருக்கட்டும் என்று.

ஒன்பது ஐம்பத்தைந்துக்கு மாப்பிள்ளை படியேறி வந்தார். இரவு விருந்து முடிந்து கண் மூடாமல் விமானம் ஏறியவர். உடம்பெல்லாம் வெண்ணெயும் வெங்காயமும் மணத்தது. நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது. அறிமுகமில்லாத கூடத்தையும் அங்கே பலகை போட்டுக் காத்திருந்த தாயையும் மாறி மாறிப் பார்த்து, இது ஆற்றை வீடு என்று கேட்டார். இண்டைக்கு உன்ரை வீடு, கெதியா இரு என்றார் தமக்கை. பாலும் அறுகும் வைத்து, முழுகவிட்டு, பட்டுடுத்தி இருபத்தைந்து நிமிடத்தில் ஆளைத் தயார்ப்படுத்தினார்கள். தலைப்பாகையோடு காருக்குள் ஏற முடியவில்லை. கழற்றி மடியில் வைத்துக்கொண்டார், குழந்தையை வைத்திருப்பதுபோல.

பத்து இருபத்திரண்டுக்குக் கார் புறப்பட்டது. வீதிப் படத்தோடு நான் முன்னால். வாண்ட்ஸ்வேர்த் வழி தூரம் குறைவு என்றார் என் கணவர். குறைவுதான், ஆனால் அந்த வழியில் எங்காவது மாட்டினால் ஒதுங்கிப் போக எனக்கு வேறு பாதை தெரியாது. கிங்ஸ்டன் பக்கம் மூன்று மைல் கூட. அந்த வழியில் நான் பல ஞாயிறுகள் வேலைக்கு வந்திருக்கிறேன், எவ்வளவு நேரம் எடுக்கும் என்று எனக்குத் தெரியும். கிங்ஸ்டனுக்கு விடுங்கோ என்றேன். என் கணவர் காரைத் திருப்பினார். பின்னிருக்கையில் மாப்பிள்ளை தூங்கிப்போனார்.

பதினொன்று ஒன்பதுக்கு மண்டப வாசல். ஐயர் எட்டிப் பார்த்து, ஒரு நிமிசம் மிச்சம் என்று சைகை காட்டினார். தலைப்பாகை ஏறியது, ஆரத்தி சுற்றினார்கள், மாப்பிள்ளை மணவறையில் இருந்தார். அதற்குப் பிறகு ஐயர் மந்திரம் சொன்ன வேகத்தை நான் வேறெங்கும் கேட்டதில்லை. பதினொன்று முப்பத்தெட்டுக்குத் தாலி ஏறியது. நாதஸ்வரக் கசெற் போட்டவர் சத்தத்தை முழுவதும் திருப்பிவிட்டார். நான் கடைசி வரிசையில் ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு வெட்கமில்லாமல் அழுதேன்.

அறுகரிசி தூவி வாழ்த்தும் வரிசையில் ஒரு சொந்தக்காரர் மாஸ்டரிடம், ஏன் மாப்பிள்ளை இவ்வளவு பிந்தி வந்தவர், மணவறைக்கு முன்னாலை சனம் காய்ஞ்சுபோச்சு என்று கொஞ்சம் உரக்கவே கேட்டார். எனக்குக் காது கூசியது. மாஸ்டர் என் பக்கம் திரும்பவே இல்லை. நான் கணக்கிலை ஒரு மணித்தியாலத்தை விட்டிட்டன் என்றார். நான் என்று மட்டுந்தான் சொன்னார். அந்தச் சொந்தக்காரர் கணித வாத்தியாருக்கே கணக்குப் பிழைத்த கதையை மண்டபம் முழுக்கச் சொல்லிச் சிரித்தார், மாஸ்டரும் கூடவே சிரித்தார்.

சாப்பாட்டுக்குப் பிறகு வசந்தி என்னைக் கூப்பிட்டாள். அவளுக்கு விசயம் சனிக்கிழமை பின்னேரமே தெரிந்திருந்தது. என் காதுக்குள் வந்து சொன்னாள்.

“நேரம் போனால் போகட்டும், ஆள் வந்தால் காணும் எண்டுதான் அக்கா நான் இருந்தனான். அம்மாவுக்குச் சொல்லிப்போடாதேங்கோ.”

மாப்பிள்ளை வேலைக்காகத் திங்கள் இரவே திரும்பினார். வசந்தி அடுத்த ஞாயிறு போவதாக ஏற்பாடு. செவ்வாய்க்கிழமை மாஸ்டர் அவளுடைய ரிக்கற்றை எழுத என் மேசைக்கு வந்தார். வேறு யாராக இருந்தாலும் வேறு முகவரிடம் போயிருப்பார்கள், நானே அப்படித்தான் செய்திருப்பேன். நான் புத்தகத்தைத் திறந்தேன். அந்த ஞாயிறுதான் பிரித்தானியா மணிக்கூட்டை மாற்றும் நாள். அன்றிலிருந்து திரும்பவும் ஒரு மணித்தியால வித்தியாசம். திகதியோடு வரியை இரண்டுமுறை வாசித்து, அவரையும் வாசிக்கவைத்து, சூரிச் நேரம் இது, எங்கள் நேரம் இது என்று இரண்டையும் எழுதினேன். அவர் எங்கள் நேரத்தின் கீழ் ஒரு கோடு இழுத்தார். அவள் இறங்கியதும் விமான நிலையத்திலிருந்தே தொலைபேசி எடுப்பாள், அதுதான் தனக்கு வேண்டிய நேரம் என்றார். அப்போதுதான் எனக்கு ஒன்று விளங்கியது. இத்தனை வருடம் எவ்வளவு நேரம் என்று என்னிடம் கேட்டவர்களில் பாதிப்பேர் விமானம் ஏறப்போகிறவர்கள் அல்ல.

அந்த ஞாயிறு நான் வீட்டில் சமையலில் நின்றேன். நான் எழுதிக்கொடுத்த நேரத்திலிருந்து அரை மணித்தியாலம் கழிந்திருக்கும், தொலைபேசி அடித்தது. ஈரக் கையோடு ஓடிப்போய் எடுத்தேன்.

“பிள்ளை, இறங்கிட்டாளாம். இப்பதான் எடுத்தவள். நீர் எழுதின நேரந்தான்.”

நல்லது மாஸ்டர் என்றேன். அவர் தொலைபேசியை வைக்கவில்லை. கல்யாணத்துக்கு முதல்நாள் கால் வைக்க இடமில்லாமல் இருந்த அந்த வீட்டில், பின்னால் ஒரு சத்தமும் கேட்கவில்லை. நானும் வைக்காமல் நின்றேன்.